ஃபயர்ஃபிளை: ஒரு தொலைக்காட்சித் தொடரும் அதன் வகைமைப் பெயரும்

ஃபயர்ஃபிளை என்பது 2002ஆம் ஆண்டு செப்டம்பர் 20 முதல் டிசம்பர் 20 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆங்கிலத் தொடர் ஆகும். ஜாஸ் வீடன் இதை உருவாக்கினார். மொத்தம் 14 அத்தியாயங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. விண்கலம் ஒன்று புழுதி பறக்கத் தரையிறங்கும். அதன் கதவு திறந்ததும் குதிரையில் வந்த ஒருவர் சரக்கைப் பெற்றுக்கொள்வார். இப்படிப்பட்ட காட்சிகள் நிறைந்த தொடரை எந்த வகைமையில் சேர்ப்பது? அறிவியல் புனைவா, கௌபாய்க் கதையா, 'ஸ்பேஸ் ஓபரா'வா, அதிரடி நகைச்சுவையா?

வகைமைப் பெயர் சூட்டுவது நூலக அலமாரியை அடுக்குவோரின் வேலை என்று தோன்றலாம். ஃபயர்ஃபிளையைப் பொறுத்தவரை அந்தப் பெயர் தொடரின் விளம்பரத்தோடும் ஒளிபரப்பு வரிசையோடும் பின்னிக் கிடந்தது. இத்தொடருக்குப் பொருந்தும் பெயர் எது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைக்களம்

கதை நடப்பது கி.பி. 2517இல். பூமியின் வளங்கள் தீர்ந்துபோக, மனிதர்கள் வேறொரு விண்மீன் மண்டலத்தில் குடியேறியிருக்கிறார்கள். அங்குள்ள கோள்களும் நிலவுகளும் மனிதர் வாழத்தக்கதாக மாற்றப்பட்டுள்ளன. நடுவிலுள்ள கோள்கள் செல்வமும் தொழில்நுட்பமும் மிக்கவை. ஓரத்திலுள்ளவை வறண்டவை, அங்கே குடியேறியவர்களுக்குக் கிடைத்தவை சில கருவிகளும் கால்நடைகளும்தான்.

நடுக்கோள்களின் அரசான 'அலையன்ஸ்' அனைத்துக் கோள்களையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவரப் போர் தொடுத்தது. எதிர்த்து நின்ற விடுதலைப் படையினர் தோற்றனர். அவர்கள் அணிந்த பழுப்பு மேலங்கியால் 'பிரவுன்கோட்' என்று அழைக்கப்பட்டனர். அந்தப் படையில் சார்ஜண்டாக இருந்த மால்கம் ரெய்னால்ட்ஸ், தாம் தோற்ற செரனிட்டி பள்ளத்தாக்கின் பெயரையே ஒரு பழைய சரக்கு விண்கலத்துக்குச் சூட்டி, கடத்தலும் சிறு திருட்டும் கூலிக்குச் சரக்கேற்றலுமாகப் பிழைக்கிறார். நேத்தன் ஃபில்லியன் இந்தப் பாத்திரத்தில் நடித்தார். அவரோடு சேர்த்து அந்தக் கலத்தில் ஒன்பது பேர். அவர்களுள் ரிவர் என்ற இளம்பெண், அரசின் இரகசிய மூளைச் சோதனைகளுக்கு ஆளாகித் தப்பி வந்தவள். அவளை மீட்டுவந்த அண்ணன் சைமன் ஒரு மருத்துவர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி மைக்கேல் ஷாரா எழுதிய 'தி கில்லர் ஏஞ்சல்ஸ்' (1974) நாவலைப் படித்த பிறகே இத்தொடரின் கரு வீடனுக்குத் தோன்றியது. ஆகவே கதையின் வேர் 1863ஆம் ஆண்டிலும், அதன் கிளை 2517ஆம் ஆண்டிலும் உள்ளன. வகைமைச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கௌபாய்க் கதையின் பிறப்பு

ஆங்கிலத்தில் 'வெஸ்டர்ன்' எனப்படும் வகைமையைத் தமிழர் கௌபாய்க் கதை என்ற பெயரில் அறிவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் ஏறத்தாழ 1890 வரையிலான காலமே இக்கதைகளின் வழக்கமான களம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே குடியேற்றம் விரைந்து நடந்த காலம் அது. ரயில் பாதைகள் நீண்டன. கால்நடைப் பண்ணைகள் பெருகின. அரசின் சட்டம் போய்ச் சேரும் முன்பே ஊர்கள் முளைத்தன. சட்டம் இல்லாத இடத்தில் மனிதன் எந்த நியாயத்தின்படி நடப்பான் என்பதே இவ்வகைக் கதைகளின் மையக் கேள்வி.

குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று இனி ஒன்றைக் குறிப்பிட முடியாது என 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறியது. மூன்றாண்டுகள் கழித்து, 1893இல் சிகாகோவில் வாசித்த கட்டுரையில், அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியதே இந்த எல்லைப்புறம்தான் என்று வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் வாதிட்டார். எல்லைப்புறம் மறைந்த பிறகு அதைப் பற்றிய கதைகள் பெருகின. ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' நாவல் 1902இல் வந்தது. எட்வின் போர்ட்டரின் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற குறும்படம் 1903இல் வந்தது. ஏறத்தாழ 12 நிமிடம் ஓடும் அந்தப் படம் மேற்கில் எடுக்கப்படவில்லை; கிழக்குக் கரையிலுள்ள நியூ ஜெர்சியில் எடுக்கப்பட்டது. வகைமை என்பது நிலப்பரப்பைவிடக் கதைமரபைச் சார்ந்தது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

விண்வெளிக்குப் போன குதிரை

எல்லைப்புறம் தீர்ந்துபோனதும் கதாசிரியர்கள் வேறு எல்லைப்புறங்களைத் தேடினர். எட்கர் ரைஸ் பரோஸின் முதல் செவ்வாய்க் கதை 1912இல் இதழ்த் தொடராக வெளிவந்தது. அதன் நாயகன் ஜான் கார்ட்டர், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையின் முன்னாள் வீரன். அவன் அரிசோனாவின் குகை ஒன்றிலிருந்து செவ்வாய்க்குப் போய்ச் சேருகிறான். தோற்ற படைவீரன், பாலைநிலம், புதிய உலகம் என்ற மூன்றும் ஃபயர்ஃபிளைக்கு 90 ஆண்டுகள் முன்பே ஒரே கதையில் கூடிவிட்டன.

ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய பின் அறிவியல் புனைவு தனக்கெனப் பெயரும் வாசகரும் பெற்றது. அதே வேளையில், கௌபாய்க் கதையின் குதிரையை விண்கலமாகவும் துப்பாக்கியைக் கதிர்த்துப்பாக்கியாகவும் மாற்றி எழுதிய மலிவான கதைகளும் குவிந்தன. எழுத்தாளரும் ரசிகருமான வில்சன் டக்கர் 1941இல் இவற்றுக்கு 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயரிட்டார். அது பாராட்டாகச் சூட்டிய பெயர் அன்று. சோப்பு நிறுவனங்கள் ஆதரவளித்த வானொலிக் குடும்பத் தொடர்களை 'சோப் ஓபரா' என்றும், அரைத்த மாவையே அரைக்கும் கௌபாய்ப் படங்களை 'ஹார்ஸ் ஓபரா' என்றும் கேலி செய்வது அன்றைய வழக்கம். அந்த வரிசையில் பிறந்த கேலிப் பெயரே இதுவும். ஆகவே இதை 'விண்வெளி இசைநாடகம்' என்று தமிழாக்கினால் பொருள் முற்றிலும் தவறிவிடும்.

1950 அக்டோபரில் 'கேலக்ஸி சயின்ஸ் ஃபிக்ஷன்' இதழ் தொடங்கப்பட்டபோது, இந்த வெறுப்பு பின்னட்டை விளம்பரமாகவே வெளிப்பட்டது. அதில் இரண்டு கதைத் தொடக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று விண்வெளியில் நடப்பது. மற்றொன்று அமெரிக்க மேற்கில் நடப்பது. இரண்டிலும் நாயகன் பேட் டர்ஸ்டன் என்பவனே. சில சொற்களைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. இத்தகைய கதை தங்கள் இதழில் ஒருபோதும் வராது என்பதே விளம்பரத்தின் உறுதிமொழி. எனவே 'விண்வெளி கௌபாய்க் கதை' என்ற பெயர் 1950களில் தரக்குறைவின் முத்திரையாக இருந்தது. அந்த முத்திரையின் நிழல் பின்னாளில் வந்த தொடர்கள் மேலும் விழுந்தது.

தொலைக்காட்சியில் இரு வகைமைகள்

1950களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியைக் கௌபாய்த் தொடர்கள் ஆண்டன. 'கன்ஸ்மோக்' 1955 முதல் 1975 வரை 20 ஆண்டுகள் ஓடியது. 'வேகன் டிரெயின்' 1957 முதல் 1965 வரை ஓடியது. கௌபாய்த் தொடர்களுக்கு எழுதிப் பழகிய ஜீன் ராடன்பெரி 1964இல் 'ஸ்டார் டிரெக்' திட்டத்தைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டுசென்றபோது, அதை விண்மீன்களை நோக்கிய 'வேகன் டிரெயின்' என்று விளக்கினார். விண்வெளிக் கதையை வாங்கத் தயங்கியவர்களுக்குப் பழகிய பெயரைச் சொல்லிப் புதிய சரக்கை விற்கும் வழி அது.

ஆனால் 1966இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' கௌபாய்க் கதையாக இருக்கவில்லை. அதன் கலம் அரசின் கலம். மாலுமிகள் சீருடை அணிந்தவர்கள். அவர்கள் செல்லும் இடமெல்லாம் சட்டமும் கூடவே செல்கிறது. அதாவது, விற்பனைக்கான பெயர் ஒன்று, படைப்பின் இயல்பு வேறொன்று. ஒரு தொடரின் வகைமையை அதன் ஆசிரியர் சொன்ன சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதை இது காட்டுகிறது.

பின்னாளில் கலப்புகள் பெருகின. பீட்டர் ஹையம்ஸ் இயக்கிய 'அவுட்லேண்ட்' (1981) திரைப்படம், வியாழனின் நிலவான ஐயோவிலுள்ள ஒரு சுரங்கத்தில் தனித்து நிற்கும் காவல் அதிகாரியின் கதை. 'ஹை நூன்' (1952) என்ற புகழ்பெற்ற கௌபாய்ப் படத்தின் சாயல் அதில் வெளிப்படை. ஜப்பானில் ஷினிச்சிரோ வதனபே இயக்கிய 'கௌபாய் பீபாப்' அசைபடத் தொடர் 1998இல் வந்தது. அதில் பரிசுத்தொகைக்காகக் குற்றவாளிகளைப் பிடிப்பவர்களுக்கே கௌபாய் என்று பெயர். கௌபாய்க் கதை, துப்பறியும் கதை, ஜாஸ் இசை ஆகியவை கலந்த அத்தொடர், தானே ஒரு புதிய வகைமை என்று தன் இடைவேளை அட்டையிலேயே அறிவித்துக்கொண்டது.

ஃபாக்ஸ் நிறுவனத்துக்கும் இத்தகைய கலப்பில் முன்னனுபவம் இருந்தது. 1993ஆம் ஆண்டின் வெள்ளிக்கிழமை இரவுகளில் அது இரண்டு புதிய தொடர்களை அடுத்தடுத்து ஒளிபரப்பியது. ஒன்று 'பிரிஸ்கோ கவுண்டி ஜூனியர்'. 1893ஆம் ஆண்டில் நடக்கும் அந்தக் கௌபாய்த் தொடரில், வருங்காலத்திலிருந்து வந்த ஒரு மர்ம உருண்டை இடம்பெற்றது. மற்றொன்று 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்'. கௌபாய்க் கலப்பு ஒரே பருவத்தில் முடிந்தது. துப்பறியும் கதையும் திகிலும் அறிவியல் புனைவும் கலந்த எக்ஸ்-ஃபைல்ஸ் ஒன்பது பருவங்கள் ஓடி 2002 மே மாதம் நிறைவுற்றது. அதே ஆண்டின் செப்டம்பரில், அதே நிறுவனத்தில், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் ஃபயர்ஃபிளை தொடங்கியது.

2002: மாறிய வரிசை

ஃபயர்ஃபிளையின் முதல் அத்தியாயமாக எடுக்கப்பட்டது 'செரனிட்டி' என்ற இரண்டு மணி நேரப் படைப்பு. செரனிட்டி பள்ளத்தாக்கில் விடுதலைப் படை தோற்கும் காட்சியோடு அது தொடங்குகிறது. ஒன்பது பேரும் எப்படி ஒரே கலத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பதை அது பொறுமையாகச் சொல்கிறது. நிறுவனத்துக்கு அது நிறைவளிக்கவில்லை. விறுவிறுப்பு கூடிய தொடக்கம் வேண்டுமென்றது. வீடனும் டிம் மினியரும் ஒரு வார இறுதியில் வேறொரு கதையை எழுதினர். அதுவே 'தி டிரெயின் ஜாப்' என்ற ரயில் கொள்ளைக் கதை. செப்டம்பர் 20 அன்று பார்வையாளர்கள் முதலில் கண்டது இதைத்தான்.

1903இன் குறும்படத்தைப் போலவே 2002இன் தொடரும் ரயில் கொள்ளையோடு அறிமுகமானது. ஆனால் போரும் தோல்வியும் முன்னே வராததால், இவர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்பது பார்வையாளருக்குப் புலப்படவில்லை. குதிரையும் விண்கலமும் ஒரே சட்டகத்தில் வருவதற்கான காரணமும் தெரியவில்லை. நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடரை ஒரு குறும்புத்தனமான அதிரடி நகைச்சுவையாகவே முன்வைத்தன. அத்தியாயங்கள் வேறு வரிசையில் ஒளிபரப்பாயின. இடையில் பேஸ்பால் ஆட்டங்களுக்காகவும் சில வாரங்கள் விடுபட்டன. சராசரியாக ஏறத்தாழ 47 லட்சம் பேர் தொடரைப் பார்த்தனர். ஒரு பெரிய தேசிய ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்த எண்ணிக்கை போதவில்லை. தொடரை நிறுத்துவதென முடிவான பின்னர், டிசம்பர் 20 அன்று, முதலில் வரவேண்டிய 'செரனிட்டி' கடைசியாக ஒளிபரப்பானது. 'டிராஷ்', 'தி மெசேஜ்', 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' என்ற மூன்று அத்தியாயங்கள் அப்போது வெளிவரவேயில்லை.

தொடர் நின்றதற்குப் பெயர்க் குழப்பம் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. வெள்ளிக்கிழமை இரவு பார்வையாளர் குறைந்த நேரம். கௌபாய்த் தொடர்களுக்கு அப்போது பெரிய நிறுவனங்களிடம் செல்வாக்கும் இல்லை. எனினும் பார்வையாளருக்கு ஒரு வாக்குறுதியைத் தந்து வேறொன்றைக் காட்டியதன் பங்கும் இதில் உண்டு. 2003 டிசம்பர் 9 அன்று, 14 அத்தியாயங்களும் ஆக்கியோர் எண்ணிய வரிசையில் டிவிடியாக வெளிவந்தன. அதன்பின் தொடர் புதிய ரசிகர்களைத் திரட்டியது. கதையில் மாற்றம் எதுவும் இல்லை. கதை அறிமுகமான விதம்தான் மாறியிருந்தது.

பொருந்தும் பெயரைத் தேடுதல்

கலப்பு வகைமைப் படைப்பில் எந்தப் பொருள் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது எளிய வழி. குதிரை இத்தனை, விண்கலம் இத்தனை என்று கணக்கிடலாம். இந்த வழி பயன் தராது. பொருள்கள் அலங்காரமாகவும் வரக்கூடும். பேட் டர்ஸ்டன் விளம்பரம் கேலி செய்தது அத்தகைய அலங்கார மாற்றத்தையே. அதைவிடப் பயனுள்ள வழி, ஒரு கூறை நீக்கிப் பார்த்து, கதை நிற்கிறதா என்று சோதிப்பது.

முதலில் விண்வெளியை நீக்கிப் பார்ப்போம். 'தி டிரெயின் ஜாப்' அத்தியாயத்தில், கொள்ளையடித்த பெட்டிகளில் இருப்பது ஒரு சுரங்க ஊரின் நோயாளிகளுக்கான மருந்து என்பது மாலுக்குத் தெரியவருகிறது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். இந்தக் கதை 1870களின் நெவாடாவிலும் நடக்கலாம். 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அத்தியாயத்தில், ஒரு பண்ணையாரின் ஆட்களிடமிருந்து பாலியல் தொழில் செய்யும் பெண்களின் வீட்டைக் கலத்தினர் காக்கிறார்கள். இதுவும் அப்படியே. ஆனால் 'ஏரியல்' அத்தியாயத்தில், உயர்தொழில்நுட்ப மருத்துவமனை ஒன்றில் ரிவரின் மூளையை ஆராய்ந்த பிறகே அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை தெரியவருகிறது. அறிவியலை நீக்கினால் அந்தக் கதை இல்லை. 'அவுட் ஆஃப் கேஸ்' அத்தியாயத்தில் கலத்தின் உயிர்வளி தீர்ந்துகொண்டிருக்கிறது. அதுவும் வெற்றுவெளி இன்றி நடவாது.

அடுத்து எல்லைப்புறத்தை நீக்கிப் பார்ப்போம். அப்போது 'ஏரியல்' கதையும் தளர்ந்துவிடுகிறது. ஒரு மருத்துவர் தன் தங்கையோடு திருட்டுக் கலத்தில் ஒளிந்திருக்கக் காரணம், அரசின் கை முழுதும் எட்டாத ஓரப் பகுதி ஒன்று இருப்பதுதான். மால் போரில் வென்றிருந்தால் இந்தக் கலமே இராது. விண்வெளியை நீக்கினால் சில அத்தியாயங்கள் விழுகின்றன. எல்லைப்புறத்தை நீக்கினால் தொடரே விழுகிறது.

இந்தச் சோதனையின்படி மற்றப் பெயர்களையும் பார்க்கலாம். 'ஸ்பேஸ் ஓபரா' என்ற சொல் பின்னாளில் கேலிப் பொருளை இழந்து, பேரரசுகள், வேற்றுக்கோள் இனங்கள், அண்டத்தின் தலைவிதி என்று விரிந்த பெருங்கதைகளைக் குறிக்கலாயிற்று. ஃபயர்ஃபிளையில் வேற்றுக்கோள் உயிர்கள் இல்லை. கதை முழுதும் ஒரே மண்டலத்துக்குள் நடக்கிறது. கலத்தினரின் கவலையெல்லாம் அடுத்த வேலையும், எரிபொருளும், உடைந்த இயந்திர உறுப்பும்தான். எனவே அந்தப் பெயர் தளர்வாகவே பொருந்துகிறது. 'அதிரடி நகைச்சுவை' என்பது கதையின் தொனியைச் சொல்கிறது. கதையின் அடித்தளத்தைச் சொல்லவில்லை. 'அறிவியல் புனைவு' என்பது சரியே, ஆனால் மிகப் பொதுவானது. 'ஸ்பேஸ் வெஸ்டர்ன்', அதாவது விண்வெளி கௌபாய்க் கதை என்பதே நெருங்கிப் பொருந்துகிறது.

தொடரின் உருவாக்கமும் இதற்குத் துணை நிற்கிறது. வெற்றுவெளிக் காட்சிகளில் ஓசை இல்லை. அங்கே கிரெக் எட்மன்சனின் இசைதான் கேட்கும். அதில் கிட்டாரும் பிடிலும் முன்னிற்கும். பெரும்பாலானோர் வைத்திருப்பது குண்டு பாயும் துப்பாக்கி. லேசர் ஆயுதம் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பண்ணையாரைப் போன்ற பணக்காரர்களிடம்தான் உண்டு. அதாவது தொழில்நுட்பம் இங்கே செல்வத்தின் அளவுகோல். ஓரக்கோள்களில் குதிரை இருப்பதற்கு அழகு காரணம் இல்லை. குதிரைக்குப் பழுதுபார்க்கும் பட்டறை தேவையில்லை. அது தானே குட்டி போடும். ஏழைக் குடியேறிக்கு வேறு என்ன வாகனம் கட்டுப்படியாகும்?

பெயர் மறைப்பவை

ஒரு வகைமைப் பெயரை ஏற்றுக்கொள்ளும்போது அந்த வகைமையின் வரலாற்றையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கிறது. கௌபாய்க் கதையின் வரலாற்றில் இரண்டு இருட்டான பகுதிகள் உள்ளன.

முதலாவது உள்நாட்டுப் போர். தென்மாநிலங்கள் பிரிந்து சென்றது அடிமைமுறையைக் காப்பதற்காக. போருக்குப் பின் அந்த உண்மையைத் தள்ளிவைத்து, மானம் காக்கப் போராடித் தோற்ற வீரர்கள் என்ற கதையைத் தென்மாநில எழுத்தாளர்கள் பரப்பினர். அந்தத் தோற்ற வீரன் கௌபாய்ப் படங்களில் மீண்டும் மீண்டும் நாயகனானான். 'தி சர்ச்சர்ஸ்' (1956), 'தி அவுட்லா ஜோசி வேல்ஸ்' (1976) ஆகியவை அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். மால் ரெய்னால்ட்ஸ் அந்த மரபில் வருபவர். தொடரின் ஆக்குநர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 'ஷிண்டிக்' அத்தியாயத்தின் தொடக்கத்தில், அடிமை வணிகர்களின் பணத்தை மால் திருடுகிறார்; இதன்மூலம் அவர் எந்தப் பக்கம் என்பது தெளிவாக்கப்படுகிறது. எனினும் தோல்வியின் வீரத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தோல்விக்குக் காரணமான அநீதியை மட்டும் கழற்றிவிடலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' அத்தியாயத்தில் வரும் வேட்டைக்காரன் ஜூபல் எர்லிக்கு, தென்மாநிலத் தளபதி ஒருவரின் பெயரே வைக்கப்பட்டுள்ளது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கருப்பின நடிகர்.

இரண்டாவது, தொல்குடிகள். அமெரிக்க எல்லைப்புறம் ஆளில்லாத நிலம் அன்று. அங்கே பல்வேறு தொல்குடி நாடுகள் வாழ்ந்தன. எல்லைக்கோடு மறைந்ததாக அறிவிக்கப்பட்ட அதே 1890ஆம் ஆண்டின் டிசம்பர் 29 அன்றுதான், ஊண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஃபயர்ஃபிளையின் கோள்கள் மனிதர் வருமுன் உயிரற்றவை. அங்கே நிலத்தைப் பறிகொடுத்தோர் என்று எவரும் இல்லை. பழைய கௌபாய்ப் படங்களில் தொல்குடிகளுக்குத் தரப்பட்ட அச்சுறுத்தும் இடம், 'ரீவர்' எனப்படும் வெறிகொண்ட மனிதக் கூட்டத்துக்குத் தரப்பட்டுள்ளது. விண்வெளி கௌபாய்க் கதை என்ற பெயரைச் சூட்டிப் பார்க்கும்போதுதான் இந்த வெற்றிடம் கண்ணுக்குப் படுகிறது. வெறும் அறிவியல் புனைவு என்று அழைத்தால் அது தெரியாமலே போகும். பொருத்தமான பெயரின் பயன்களுள் இதுவும் ஒன்று.

இதே வகையில் மற்றொரு குறையும் சுட்டப்படுகிறது. கதைப்படி அமெரிக்க, சீனப் பண்பாடுகள் இரண்டும் கலந்ததே அந்த எதிர்கால உலகம். பாத்திரங்கள் வசைமொழியைச் சீனத்தில் பேசுகிறார்கள். ஆனால் ஒன்பது முதன்மை நடிகர்களில் கிழக்காசிய வம்சாவளியினர் ஒருவரும் இல்லை.

'செரனிட்டி' திரைப்படம் (2005)

டிவிடி வழி கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து, யூனிவர்சல் நிறுவனம் 'செரனிட்டி' என்ற பெயரில் திரைப்படம் ஒன்றை வெளியிட்டது. 2005 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் வெளியான அப்படத்துக்கு ஏறத்தாழ 3.9 கோடி டாலர் செலவானது. உலகெங்கும் அது ஈட்டியது ஏறத்தாழ 4 கோடி டாலர். வணிக வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதை 2006இல் அது பெற்றது.

ரீவர்கள் யார் என்ற புதிருக்கு இப்படம் விடை தருகிறது. மிராண்டா என்ற கோளின் மக்களை அமைதிப்படுத்த, அலையன்ஸ் அரசு காற்றில் ஒரு மருந்தைக் கலந்தது. 3 கோடி மக்களில் பெரும்பாலோர் எதிலும் பற்றிழந்து, உண்ணவும் எழவும் மறந்து, கிடந்த இடத்திலேயே இறந்தனர். மிகச் சிலருக்கு மட்டும் மருந்து எதிர்விளைவை உண்டாக்கியது. அவர்களே ரீவர்கள். எல்லைக்கு அப்பால் இருந்த அச்சம், நாகரிகத்தின் நடுவிலிருந்தே அனுப்பப்பட்டது என்று ஆகிறது.

இந்த விடை அறிவியல் புனைவு தரும் விடை. கௌபாய்க் கதை எழுப்பிய கேள்வி, எல்லைக்கு அப்பால் இருக்கும் காட்டுமிராண்டி யார் என்பது. மனிதரைச் சீர்திருத்த முயலும் அறிவியலும் அரசும்தான் அவனை உண்டாக்கின என்பது விடை. ஆகவே இரு வகைமைகளும் இங்கே ஒட்டுப்போட்டவையாக இல்லை. ஒன்று கேட்பதற்கு மற்றொன்று விடை சொல்கிறது. பேட் டர்ஸ்டன் கதைகளுக்கும் ஃபயர்ஃபிளைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பிற்காலம்

2019 நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் 'தி மாண்டலோரியன்' தொடங்கியபோது, தனித்துத் திரியும் துப்பாக்கி வீரனின் கதையான அதை 'ஸ்பேஸ் வெஸ்டர்ன்' என்று விமர்சகர்கள் இயல்பாகவே அழைத்தனர். அதில் இழிவு தொனிக்கவில்லை. 1950இல் ஒரு இதழ் பின்னட்டையில் விரட்டிய வகைமை, 69 ஆண்டுகளில் ஒரு புதிய தளத்தின் தொடக்கநாள் படைப்புக்குரிய பெயராகிவிட்டது.

தமிழில் எப்படி அழைப்பது

இத்தொடரைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 'வெஸ்டர்ன்' என்பதை 'மேற்கத்தியம்' என்று எழுதினால், தமிழில் அது ஐரோப்பா, அமெரிக்கா முழுவதையும் குறித்துவிடும். மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை என்பவற்றின் வரிசையில் அது போய்ச் சேரும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்ற நுட்பம் மறைந்துபோகும்.

தமிழ் வாசகரிடம் ஏற்கனவே வேறொரு சொல் உண்டு. ஜெய்சங்கர் நடித்து 1972இல் வெளிவந்த 'கங்கா' போன்ற படங்களையும், லயன் காமிக்ஸ் வழி அறிமுகமான டெக்ஸ் வில்லர் கதைகளையும், 2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தையும் 'கௌபாய்' என்ற சொல்லாலேயே அவர்கள் குறிக்கின்றனர். அந்த நாயகர்கள் மாடு மேய்ப்பவர்களா என்று எவரும் கேட்பதில்லை. எனவே 'விண்வெளி கௌபாய்க் கதை' என்பது உடனே விளங்கும் பெயர். தொப்பியையும் குதிரையையும்விடக் கருவுக்கு முதன்மை தர விரும்புவோர் 'விண்வெளி எல்லைப்புறக் கதை' எனலாம். முன்னது வாசகரை அழைத்துவரும். பின்னது கதையை விளக்கும். கலைக்களஞ்சியக் கட்டுரையில் முன்னதைத் தலைப்பிலும் பின்னதை விளக்கத்திலும் பயன்படுத்துவது பொருத்தமாக இருக்கும்.

முடிவு

வகைமைப் பெயர் என்பது ஒரு படைப்பிலுள்ள பொருள்களின் பட்டியல் அன்று. இந்தக் கதையிடம் எந்தக் கேள்வியை எதிர்பார்க்கலாம் என்று பார்வையாளருக்குத் தரும் முன்னறிவிப்பு அது. ஃபயர்ஃபிளை எழுப்பும் கேள்வி, தோற்றுப்போனவர்கள் சட்டத்தின் ஓரத்தில் எப்படி மனிதராக வாழ்வது என்பது. அந்தக் கேள்வி எல்லைப்புறக் கதையின் கேள்வி. அதை விரிவாக்கி விடை தேடும் கருவி அறிவியல் புனைவு. 2002இல் பார்வையாளருக்கு முதலில் காட்டப்பட்டது ரயில் கொள்ளை. தோல்வியின் கதை கடைசி நாளில்தான் வந்தது. இன்று இத்தொடரைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் இரண்டு மணி நேரமுள்ள 'செரனிட்டி' அத்தியாயத்திலிருந்து தொடங்குவதே முறை.